ஆறடி ஸ்கூட்டிக்கும் ஐநூறு, பதினஞ்சடி காருக்கும் ஐநூறா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, ரோட்டோரம் நிறுத்துற வண்டிக்கு போடுற ஃபைன்ல வண்டி எவ்வளவு பெருசு, எவ்வளவு கனம்ங்கிற கணக்கே நம்ம ஊர்ல கிடையாதுன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸப்பும் இத்தனை வருஷத்துல எதுக்கும் வந்ததில்ல. அதனால இந்த தடவை முழுப் பக்கமும் அதுக்கே. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் ஆர்டிஓ ஆபீஸ்ல 22 வருஷம் மோட்டார் வாகன ஆய்வாளரா இருந்தவன், ஜனங்க சொல்ற பேர்ல சொன்னா பிரேக் இன்ஸ்பெக்டர்.

கேள்வி (தாம்பரம் வாசகி): சார், நான் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடைல வேலை பார்க்குறேன். உஸ்மான் ரோடு பக்கத்து சந்துல ஸ்கூட்டிய நிறுத்துனேன், நோ பார்க்கிங்ன்னு ஐநூறு ரூபா போட்டாங்க, தப்பு என்னுதுதான் ஒத்துக்குறேன். ஆனா எனக்கு முன்னாடி ஒரு பெரிய எஸ்யூவி பாதி ரோட்ட அடைச்சு நின்னுச்சு, அதுக்கும் அதே ஐநூறுதான். எனக்கு ஒரு நாள் சம்பளமே அவ்வளவுதான் சார். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லம்மா. ஆனா போலீஸ்காரர் மேல கோவப்படாதீங்க, அவர் கையில இருக்குற மெஷின்ல வேற தொகை போடவே வழி கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 177வது பிரிவுன்னு ஒன்னு, தனியா தண்டனை சொல்லாத சின்ன தப்பு எல்லாத்தையும் அள்ளிப் போடுற பிரிவு அது. நோ பார்க்கிங்கும் அதுக்குள்ளதான் வருது. முன்னாடி முதல் தடவை 100 ரூபா, அடுத்த தடவை 300ன்னு இருந்துச்சு, 2019ல நாடாளுமன்றத்துல திருத்தம் பண்ணி 500, 1500ன்னு ஏத்துனாங்க, நம்ம மாநிலத்துல அது 2022 அக்டோபர்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அந்தப் பிரிவுல எந்த வண்டின்னு எதுவுமே இல்ல. சைக்கிள் கேப்ல நிக்கிற உங்க ஸ்கூட்டியும், ரெண்டு டன்னுக்கு மேல எடை இருக்குற ஃபார்ச்சூனரும், இருபது டன் லாரியும் அந்த வரிக்கு ஒன்னுதான்.

இப்ப நான் ஒரு கணக்கு சொல்றேன், பொறுமையா கேளுங்க. நம்ம மாநில கட்டட விதிகள் 2019ல வந்துச்சு இல்ல, அபார்ட்மென்ட் கட்டுறவங்க பார்க்கிங்குக்கு எவ்வளவு இடம் விடணும்னு அதுல இருக்கு, ஒரு காருக்கு ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர், ஒரு டூ வீலருக்கு ஒரு மீட்டருக்கு 1.8 மீட்டர். அதாவது காருக்கு பன்னெண்டரை சதுர மீட்டர், டூ வீலருக்கு ரெண்டு சதுர மீட்டர்கூட இல்ல. ஒரு கார் நிக்கிற இடத்துல ஆறு ஏழு ஸ்கூட்டி நிக்கும், இது அரசாங்கமே எழுதி வெச்ச அளவு. அடுத்து சென்னை மாநகராட்சி பார்க்கிங்ல காருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபா, டூ வீலருக்கு 5 ரூபான்னு வாங்குனாங்க, அங்க நாலுக்கு ஒன்னு. ஒழுங்கா காசு கட்டி நிறுத்துறப்ப நாலுக்கு ஒன்னுன்னு ஒத்துக்குறவங்க, அதே வண்டி தப்பா நின்னா மட்டும் ஒன்னுக்கு ஒன்னுங்குறாங்க. இந்த இடத்துலதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது, ஏன்னா தப்பா நிக்கிறப்பதான் சைஸோட பாதிப்பே தெரியும், ஸ்கூட்டி நின்னா ஆட்டோ ஒதுங்கிப் போயிடும், எஸ்யூவி நின்னா பஸ் நிக்கும், பஸ் நின்னா அதுக்குப் பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் நிக்கும்.

உங்களுக்கு அந்த ஐநூறு ஒரு நாள் கூலி, அந்த வண்டிக்காரருக்கு அது ஒரு வேளை ஹோட்டல் பில். பணம் இருக்குறவருக்கு ஃபைன் ஒரு பார்க்கிங் கட்டணம் மாதிரி ஆயிடுது, கட்டிட்டு போயிட்டே இருப்பார், நான் சர்வீஸ்ல இருந்தப்பவே "எவ்வளவு சார், போட்டுக்கோங்க"ன்னு கண்ணாடிய பாதி இறக்கி கார்ட நீட்டுனவங்கள பார்த்திருக்கேன். மாத்த முடியாத விஷயமும் இல்ல இது, எல்லா வண்டியோட எடையும் ஆர்சில ஏற்கெனவே அச்சடிச்சு இருக்கு, நம்பர் அடிச்சா மெஷின்ல வருது, அத வெச்சு தொகைய மூணு படியா பிரிக்கணும், அவ்வளவுதான்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): டிரைவர் வண்டிக்குள்ளயே இருந்தா அது பார்க்கிங் இல்ல, வெயிட்டிங்தான்னு என் மச்சான் சொல்றான். உண்மையா?

பதில்: இல்லீங்க. 122வது பிரிவு, மத்தவங்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஆகுற மாதிரி பொது இடத்துல வண்டிய நிக்க விடக்கூடாதுன்னு சொல்லுது, உள்ள ஆள் இருக்காரா இல்லையான்னு அது பார்க்கல. டிரைவர் இருந்தா வண்டிய நகர்த்துங்கன்னு சொல்லுவாங்க, சொன்னா உடனே எடுத்துடுங்க. எடுக்காம வாக்குவாதம் பண்ணுனா அதிகாரி சொன்னத கேக்கலன்னு 179வது பிரிவுல 2000 ரூபா வரைக்கும் போகும், ஐநூறோட முடியுறத எதுக்கு இழுக்கணும். இன்னொன்னு, நோ பார்க்கிங்ல ஆளில்லாம நிக்கிற வண்டிய யூனிஃபார்ம்ல இருக்குற போலீஸ் அதிகாரி சொன்னா டோ பண்ணி எடுத்துட்டு போகலாம், வீல்ல பூட்டும் போடலாம், அது 127வது பிரிவு, அந்தச் செலவும் உங்க தலைலதான், ஃபைன் தனி.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): வணக்கம் சார். எங்க தேங்காய் மண்டிக்கு ஒரு குட்டி யானை வெச்சிருக்கோம், இப்ப ஒரு பதினாலடி ஐச்சர் லாரியும் எடுக்கலாம்னு இருக்கோம். தம்பிகிட்ட கார் ஓட்டுற எல்எம்வி லைசென்ஸ்தான் இருக்கு. அவன் ஓட்டலாமா, இல்ல ஹெவி எடுக்கணுமான்னு ஆளுக்கொரு பேச்சு பேசுறாங்க. போன வாரம் மார்க்கெட் வாசல்ல நிறுத்துனதுக்கு ஃபைன் போட்டப்ப லைசென்ஸையும் கேட்டு பயமுறுத்திட்டாங்க.

பதில்: இது நிறைய பேருக்கு இருக்குற குழப்பம், கோர்ட்லயே பல வருஷம் இழுத்துச்சு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். சட்டத்துல லைட் மோட்டார் வெஹிக்கிள், அதாவது எல்எம்வின்னா 7500 கிலோவுக்குள்ள, அதுக்கு மேல 12,000 கிலோ வரைக்கும் மீடியம், 12,000க்கு மேல போனா ஹெவி. இதுல எந்த எடைய பார்க்கணும்ங்கிறதுதான் சூட்சுமம். சொந்த காருக்கு அன்லேடன் வெயிட், அதாவது ஆளும் சாமானும் இல்லாம வெறும் வண்டியோட எடை. சரக்கு வண்டிக்கு ஜிவிடபிள்யூ, அதாவது வண்டியும் அது ஏத்தலாம்னு அனுமதிச்ச லோடும் சேர்ந்த மொத்த எடை. குட்டி யானை எந்த விதத்துல பார்த்தாலும் இந்த 7500க்கு ரொம்ப கீழதான்.

முன்னாடி என்ன சொன்னாங்கன்னா, எடை கம்மியா இருந்தாலும் மஞ்ச போர்டு வண்டின்னா டிரான்ஸ்போர்ட் என்டார்ஸ்மென்ட், அதாவது வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டலாம்னு லைசென்ஸ்ல ஒரு பதிவு, தனியா வேணும்னு. ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்க அத காட்டி காசு தரமாட்டோம்னு சொல்லிடுவாங்க, எத்தனை குடும்பம் அதுல நொந்து போச்சு தெரியுமா. 2017ல உச்ச நீதிமன்றம் முகுந்த் தேவாங்கன் வழக்குல 7500 கிலோவுக்குள்ளனா எல்எம்வி லைசென்ஸே போதும்னு சொல்லுச்சு, இன்சூரன்ஸ் கம்பெனிங்க விடாம அத மறுபடியும் எழுப்ப, கடைசில அஞ்சு நீதிபதிங்க உக்காந்த அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி, பஜாஜ் அலயன்ஸ் – ரம்பா தேவி வழக்குல, அது சரிதான்னு முடிச்சு வெச்சுடுச்சு. அந்தத் தீர்ப்ப நான் வெறும் சட்ட நுணுக்கமா பார்க்கல, வண்டி ஓட்டி பொழைக்கிற லட்சக்கணக்கான பேருக்கு அது சோறு.

அதனால குட்டி யானைய தம்பி தாராளமா ஓட்டலாம். ஐச்சர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, ஷோரூம்ல அந்த மாடலோட ஜிவிடபிள்யூ எவ்வளவுன்னு கிலோ கணக்குல எழுதி வாங்குங்க, பதினாலடின்னு பாடி நீளத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே நீளத்துல 7500க்கு உள்ளயும் வண்டி இருக்கு, வெளியயும் இருக்கு. நூறு கிலோ தாண்டினாலும் லைசென்ஸ் வேற. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், ஆசிட் மாதிரி அபாயமான சரக்கு ஏத்துனா இந்தச் சலுகை கிடையாது, தேங்காய்க்கு அந்தக் கவலை இல்ல. மார்க்கெட் வாசல் ஃபைன் வேற, லைசென்ஸ் வேற, ஃபைன கட்டிடுங்க, லைசென்ஸுக்கு பயப்படாதீங்க.

கேள்வி (மதுரை வாசகர்): பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கார எங்க கேட்டுக்கு நேரா நிறுத்துறார். கேட்டா இங்க போர்டு இருக்கான்னு கேக்குறார்.

பதில்: போர்டு தேவையே இல்ல. 2017ல வந்த வாகன ஓட்டும் ஒழுங்குமுறை விதிலயே அடுத்தவங்க இடத்தோட வாசல மறிச்சு நிறுத்தக்கூடாதுன்னு இருக்கு, அதே மாதிரி பிளாட்ஃபாரம், ஜீப்ரா கிராஸிங், வளைவு, பஸ் ஸ்டாப், ஸ்கூல் ஆஸ்பத்திரி வாசல் இங்க எல்லாம் போர்டு இருந்தாலும் இல்லாட்டியும் நிறுத்தக்கூடாது. ஒரு தடவ நேர்ல பொறுமையா சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா ஃபோட்டோ எடுத்துட்டு 100க்கு போன் பண்ணுங்க. ஆனா நீங்களா கேட்டுக்கு முன்னாடி ரோட்ல பூந்தொட்டி, கல்லு, மணல் மூட்டைன்னு எதையும் வெக்காதீங்க, வீட்டுக்கு முன்னாடி இருக்குற ரோடு உங்களுதும் இல்ல, அவருதும் இல்ல, ராத்திரி பைக்ல வர்றவன் அதுல மோதி விழுந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): நீங்க கார்காரனுக்கு எடை பார்த்து ஃபைன் போடச் சொல்றீங்க, சந்தோஷம். ஆனா லாரிக்காரன் எங்கள எடைய வெச்சுத்தானே காலங்காலமா வாட்டுறீங்க? ஓவர்லோடுக்கு இருபதாயிரம் கட்டுறோம், டேக்ஸும் எடைக்குத்தான், பகல்ல சிட்டிக்குள்ள விடமாட்டேங்குறீங்க, சரி ராத்திரி வரைக்கும் வெளிய நிறுத்தலாம்னா அதுக்கும் நோ பார்க்கிங் ஃபைன். வண்டிய எங்கதான் வானத்துலயா நிறுத்துறது?

பதில்: உங்க கோவத்துல பாதி நியாயம் இருக்கு, அந்தப் பாதிய முதல்ல சொல்லிடுறேன். சிட்டிக்குள்ள பகல்ல வரக்கூடாதுன்னு சட்டம் போடுற ஊரு, அந்த பகல் முழுக்க லாரி நிக்க இடம் கொடுக்கணும். 117வது பிரிவு, வண்டி நிறுத்துற இடத்த உள்ளாட்சிய கலந்து பேசி நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்குது. சென்னைக்கு மாதவரத்துல ஒரு டிரக் டெர்மினல் இருக்கு, அது இந்த ஊருக்கு எந்த மூலைக்கு? துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயும் மணலி பக்கமும் வரிசை கட்டி நிக்கிறத பார்த்திருப்பீங்க, அந்த டிரைவருங்க ரெண்டு நாள் வண்டிலயே சமைச்சு, வண்டிக்கு அடியிலயே படுத்து, குளிக்க தண்ணி இல்லாம கிடப்பாங்க, அவங்களுக்குப் போய் நோ பார்க்கிங் போடுறது என் மனசாட்சிக்கு அன்னைக்கும் ஒத்துக்கல, இன்னைக்கும் ஒத்துக்கல.

ஆனா ஓவர்லோடு விஷயத்துல நான் உங்க பக்கம் நிக்க மாட்டேன். 194வது பிரிவுல இருபதாயிரம், அதுக்கு மேல கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் ரெண்டாயிரம், அதிகப்படி லோட இறக்குற செலவும் உங்களுது, எடை போட வரமாட்டேன்னு போனா நாப்பதாயிரம். கேக்குறப்ப கொடுமையாத்தான் தெரியும். இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல ஒட்டாவான்னு ஒரு ஊர், 1958லேர்ந்து 1960 வரைக்கும் ரோடு போட்டு, அது மேல ராணுவ வீரர்கள வெச்சு லாரிய ராத்திரி பகலா ஓட்டி, எந்த எடைக்கு ரோடு எவ்வளவு சீக்கிரம் சாகுதுன்னு பார்த்தாங்க. அதுல தெரிஞ்சது, அச்சு (ஆக்ஸில்) மேல எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு ஆகல, சுமாரா பதினாறு மடங்கு ஆகுது. நம்ம ஊருக்கு வருவோம், பின்னாடி நாலு டயர் இருக்குற ஒத்த அச்சுக்கு 11.5 டன் அனுமதி, அதுல கால்வாசிகூட வேணாம், இருபது பர்சென்ட் கூட ஏத்துனீங்கன்னா ரோட்டுக்கு ஆகுற சேதம் ரெண்டு மடங்கு. 2018 ஜூலைல ரெண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்ல இருந்து 18.5 டன், மூணு அச்சுக்கு 25ல இருந்து 28.5 டன்னு ஏத்திக் கொடுத்தாங்க, கொடுத்ததுக்கு அப்புறமும் அதுக்கு மேல ஏத்துனா அந்த ரோட்ல பள்ளத்துல விழுந்து கை கால் ஒடியுறது ஸ்கூட்டில போற புள்ளைங்கதான்.

நிறுத்துற விஷயத்துல ஒன்னே ஒன்னு கெஞ்சிக் கேக்குறேன். இடம் இல்லன்னு பைபாஸ் ஓரத்துல நிறுத்துறீங்க, சரி. ராத்திரி பின்னாடி சிவப்பு லைட் எரியாம, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல சேறு அப்பி, ரெண்டு சக்கரம் ரோட்டு மேல இருக்குற மாதிரி மட்டும் நிறுத்தாதீங்க. எத்தனையோ வருஷம் முன்னாடி ஒரு விடியக்காலை, விபத்து நடந்த வண்டிய ஆய்வு பண்ண என்னை கூப்பிட்டாங்க, நின்னுட்டு இருந்த லாரிக்குப் பின்னாடி ஒரு பைக், பூ மார்க்கெட்டுக்குப் போன அப்பனும் மகனும். லாரில எந்த பிரேக்கும் ஃபெயில் ஆகல, எந்த தப்பும் இல்ல, பின்னாடி லைட் மட்டும் ஃபியூஸ் போயிருந்துச்சு. ரிப்போர்ட்ல அத எழுதுறப்ப என் கை நடுங்குனது இன்னும் நினைவுல இருக்கு. இப்ப பழைய ஐபிசிக்கு பதிலா வந்திருக்குற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தோட 285வது பிரிவுலயும் பொது வழில ஆபத்தோ தடங்கலோ உண்டாக்குனா அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம் இருக்கு, அத விடுங்க, ஒரு ஃபியூஸ் இருபது ரூபா. கூடவே ஒரு முக்கோண ரிஃப்ளெக்டர் வாங்கி சீட்டுக்கு அடியில போட்டு வைங்க, நிறுத்துனா லாரிக்குப் பக்கத்துலயே வெக்காம நல்லா தள்ளி பின்னாடி வைங்க.

கேள்வி (பிரான்ஸ், லா கூர்நெவ் வாசகர்): ஐயா வணக்கம். நாங்கள் பாரிசுக்கு வெளியில இருக்கிறம், அஞ்சு பேர் குடும்பம், ஏழு சீற் டீசல் வாகனம். சனிக்கிழமையில லாச்சப்பலுக்கு சாமான் வாங்கப் போனால் இப்ப பார்க்கிங் காசு மூண்டு மடங்காம், வாகனத்தின்ர பாரத்தைப் பாத்துத்தான் எடுக்கிறாங்களாம் எண்டு சொல்லுகினம். இது எல்லாருக்குமா? ரிக்கற் எடுக்காட்டி தண்டம் எவ்வளவு வரும்?

பதில்: ஐயா, நான் எது நம்ம ஊர்ல வேணும்னு கேக்குறேனோ அத செஞ்சு பார்த்த ஊர்ல இருக்கீங்க, அதனால உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். 2024 பிப்ரவரி 4ஆம் தேதி பாரிஸ் மேயர் அன் இதால்கோ ஊர் மக்கள்கிட்டயே ஓட்டு கேட்டாங்க, கனமான காருக்கு பார்க்கிங் மூணு மடங்கு ஆக்கலாமான்னு. ஓட்டு போட வந்தவங்க நூத்துல ஆறு பேர்கூட இல்ல, வந்தவங்கள்ல 54.55 சதவீதம் பேர் சரின்னுட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1லேர்ந்து அமல். பெட்ரோல், டீசல், சார்ஜ் போடுற ஹைபிரிட் இதெல்லாம் 1.6 டன் இல்ல அதுக்கு மேலன்னா கனமான வண்டி, முழு எலக்ட்ரிக்னா 2 டன். உங்க வண்டி எதுல வருதுன்னு கார்ட் கிறிஸ்ல, அதாவது நம்ம ஊர் ஆர்சி மாதிரி அங்க கொடுக்குற பதிவுச் சான்றுல, ஜி.1ன்னு இருக்குற கட்டத்துல பாருங்க, அதுதான் வெறும் வண்டியோட எடை, ஏழு சீட்டுங்கிறதால மட்டும் கனமான வண்டி ஆயிடாது.

கனமான வண்டிக்கு, பாரிஸோட இருபது வட்டாரத்துல ஒன்னுல இருந்து பதினொன்னாவது வரைக்கும் மணிக்கு 18 யூரோ, பன்னெண்டுல இருந்து இருபது வரைக்கும் 12 யூரோ. லாச்சப்பல்ல ஒரு விஷயம் கவனிங்க, தமிழ்க் கடைங்க நிறைஞ்ச ஃபோபூர் சான் தெனி தெரு பத்தாவது வட்டாரம், பூல்வார் த லா சப்பல தாண்டி அந்தப் பக்கம் போயிட்டா பதினெட்டாவது. ஒரு ரோட்ட தாண்டினா ரெண்டு மணி நேரத்துக்கு 36 யூரோ கட்ட வேண்டியது 24 யூரோவா குறையும். டிக்கெட்டே எடுக்காட்டி 75 யூரோ தண்டம் வர்ற இடத்துல கனமான வண்டிக்கு 225, வெளி வட்டாரங்கள்ல 50க்கு பதிலா 150, கொஞ்சம் காசு ஏற்கெனவே கட்டியிருந்தா அத கழிச்சுடுவாங்க. கட்டணம் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலை ஒன்பதுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான், அதனால சாமான் வாங்குறத ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திட்டா காசே இல்ல.

எல்லாருக்குமான்னு கேட்டீங்க, இல்ல, அதுல எனக்கே ஒரு வருத்தம் உண்டு. அந்தந்த வட்டாரத்துல குடியிருக்குறவங்க தங்களோட ஏரியாவுல நிறுத்துனா இந்த மூணு மடங்கு கிடையாது, மாற்றுத்திறனாளிகள், டாக்ஸி, வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்குறவங்க, கைத்தொழில்காரங்க இவங்களுக்கும் விலக்கு இருக்கு. மாற்றுத்திறனாளிக்கும் வைத்தியருக்கும் கொடுத்தது சரி. ஆனா பாரிசுக்குள்ள வசதியான வட்டாரத்துல இருக்குறவர் தன் வீட்டு வாசல்ல ரெண்டு டன் கார பழைய காசுக்கே நிறுத்துவார், வாரத்துக்கு ஒரு நாள் அரிசி மூட்டை தூக்க வர்ற புறநகர் குடும்பம் மூணு மடங்கு கட்டணும். அதே பிரான்ஸ்ல லியோன் ஊர்ல 2024லயே குடியிருக்குறவங்க மாச பாஸையும் எடைய பார்த்து 15, 30, 45 யூரோன்னு பிரிச்சுட்டாங்க, எனக்கு அதுதான் நேர்மையா படுது.

கேள்வி (கோவை வாசகர்): எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன், பேட்டரியால எடை கூடத்தான். நாளைக்கு இங்கயும் எடை பார்த்து வாங்க ஆரம்பிச்சா, காத்து கெடக்கூடாதுன்னு நினைச்சவனுக்கே தண்டனையா?

பதில்: அந்த பயத்துக்குத்தான் பாரிஸ்ல எலக்ட்ரிக்குக்கு 400 கிலோ கூட கொடுத்தாங்க. ஜெர்மனில டியூபிங்கன்னு ஒரு சின்ன யுனிவர்சிட்டி ஊரு, அங்க வீட்டு வாசல்ல ரோட்ல நிறுத்துறதுக்கான வருஷ பாஸ் முன்னாடி 30 யூரோதான், அத 120 ஆக்கி, கனமான வண்டிக்கு 180ன்னாங்க, சாதா கார் 1.8 டன், எலக்ட்ரிக் 2 டன்ன தாண்டினா. நம்ம ஊர்ல சாதாரணமா ஓடுற எலக்ட்ரிக் கார்கள்ல பெரும்பாலானது இந்த 2 டன்ன தொடாது, நீங்க எழுதுன மாடலும் தொடாது.

ஆனா உங்க கேள்விக்குள்ள இன்னொரு நியாயமான கேள்வி இருக்கு, நிக்கிற வண்டிக்கு எடை எதுக்கு, நீளம் அகலம்தானே இடத்த அடைக்குதுன்னு. உண்மைதான், ஓடுறப்ப எடை முக்கியம், நிக்கிறப்ப அளவு முக்கியம். ஃப்ரைபர்க்னு இன்னொரு ஜெர்மன் ஊர்ல நீளத்த வெச்சே 4.2 மீட்டருக்குள்ள 240 யூரோ, 4.7 மீட்டருக்கு மேல 480ன்னு போட்டாங்க, 2023ல அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் அத செல்லாதுன்னுடுச்சு, படிக்குப் படி தாவுறது ரொம்ப அதிகம்னு ஒரு காரணம் சொல்லுச்சு. நம்ம நாட்டுல நீளத்த அளக்குறது புதுசே இல்ல, காருக்கு வரி போடுறப்ப 4 மீட்டருக்கு உள்ளயா வெளியயான்னு டேப் வெச்சு அளந்துதான் போடுறோம், 2025 செப்டம்பர்ல இருந்து சின்ன காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி. ஷோரூம்ல அளந்த அதே 4 மீட்டர உங்க ஊர் ஒப்பணக்கார வீதில அளக்க என்ன தடை? எனக்கு எடையோ நீளமோ எதுவா இருந்தாலும் சம்மதம், ஏதாவது ஒன்ன பாருங்கன்னுதான் கேக்குறேன்.

கேள்வி (சேலம் வாசகர்): பழைய பைக்க எட்டு மாசம் முன்னாடி வித்துட்டேன், இப்ப அது எங்கயோ நோ பார்க்கிங்ல நின்னதுக்கு என் போனுக்கு சலான் வருது. நான் கட்டணுமா?

பதில்: ஆர்சில யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டத்துக்கு ஓனர், வாங்குனவர் பேர் மாத்தாம ஓட்டிட்டு இருக்கார். வித்த நீங்க 14 நாளைக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும், வாங்குனவர் 30 நாளைக்குள்ள தன் பேருக்கு மாத்தணும், இதுக்குத்தான் ஃபாரம் 29, 30. இன்னைக்கு ஐநூறு ரூபா சலான், நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடிச்சா கோர்ட் சம்மனும் உங்க வீட்டுக்குத்தான் வரும், அதனால ஐநூற விட பேர் மாத்துறதுதான் அவசரம். வாங்குனவர கையோட கூட்டிட்டு ஆர்டிஓ ஆபீஸ் போங்க, ஆள் கிடைக்கலன்னா வித்த தேதி, டெலிவரி நோட்டு, ஃபாரம் 29 காப்பி வெச்சு நீங்களே எழுத்துல கொடுத்து சீல் வாங்கிக்கோங்க, மத்திய அரசோட பரிவாஹன் வெப்சைட்ல சலான் பக்கத்துல புகார் போடுற இடத்துலயும் அதையே ஏத்துங்க. அந்த டெலிவரி நோட்டு பீரோவுல எங்கயாவது கிடக்கும், இன்னைக்கே தேடி எடுத்து ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.